செத்த காலேஜில் ஒரு கடன்

போன வாரம் நம் பள்ளித் தோழர் குழுவில் ஒரு படம் வந்தது. கல்லூரி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வேளா மீன் கொம்பு. பெட்டிக்கு முன்னால் தரையில் ஒரு மாம்பழம். படத்தைப் போட்ட நம் பழைய வகுப்புத் தலைவர், மியூசியத்தில் மாம்பழத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். கீழே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். யாரோ பசிக்கு வைத்துவிட்டு மறந்திருப்பார்கள் என்று ஒருவர் எழுதினீர்கள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் செல்போனில் ஒற்றை விரலால் தட்டி முடிகிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அறுபத்தைந்தைத் தாண்டிய நமக்கு, சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுவதைத் தவிர வேறு என்ன வேலை?

மெட்ராசில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். அந்தப் பேச்சு நம் ஊருக்கும் வந்திருந்தது. நம் ஊரில் கொஞ்சம் வசதி. உயிருள்ள காலேஜுக்குள்ளேயே, விலங்கியல் துறைக்குப் பின்னால் இருந்த நீள அறையில், செத்த காலேஜும் இருந்தது. அதில் அப்பா அட்டெண்டர். பிரெஞ்சுக்காரன் காலத்து டாக்டர் ஒருவர் சேர்த்து வைத்துவிட்டுப் போன சீசாக்களும் பெட்டிகளும்தான் அந்த அறையின் மூலதனம். அவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கல்லூரியில் வேறு யாருக்கும் அந்தச் சீட்டுகளைப் படிக்கத் தெரியாது என்பதால்தான் அந்த வேலையே கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக. நிரந்தரம் ஆகும் வரை அம்மா, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள். தலத்தெருவில் எல்லோரும் அவரை பிரெஞ்சுக்காரன் பாணியில் முசே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அந்த அறையின் வாசனை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஃபார்மலின் நெடி முதலில் மூக்கில் ஏறாது, கண்ணில்தான் ஏறும். பாதி வளர்ந்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி ஒன்று பெரிய சீசாவுக்குள் மிதந்தது. பஞ்சு அடைத்த மரநாய்க்கு ஒரு கண் விழுந்துவிட்டதால் அப்பா தன் கோட்டுப் பொத்தானைத் தைத்து வைத்திருந்தார். அது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மைப் பார்க்காது. கடல் குதிரைகள் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்தன. இவற்றில் எதுவும் இப்போது இல்லை. எங்கே போயின என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

நமக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். அந்தக் கோடையில் துறைக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் வந்தார். உள்நாட்டு ஊர்க்காரர், கடலைக் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. எல்லாப் பொருளுக்கும் தமிழில் ஒரு பதிவேடு எழுத வேண்டும், எதற்கும் கணக்கில்லாத அறைக்குப் பெயர் மியூசியம் இல்லை, சாமான் அறை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அப்பாவுக்குத்தான் சங்கடம். பிரெஞ்சைக் கொடி படர்ந்த மாதிரி எழுதுவார். தமிழ் எழுதினால் கோழி கிளறியதாக இருக்கும். என் கையெழுத்துக்கு நம் பள்ளியில் பரிசு கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள், நான் மறக்கவிட்டதும் இல்லை. பேராசிரியர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிற இரண்டு மணி நேரம், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அரசாங்கப் பதிவேட்டை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எழுதுவது வெளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'கிடைத்த வகை'. அதில் மூன்று சொற்களில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று பேராசிரியர் கட்டளை. விலை கொடுத்து வாங்கியிருந்தால் விலை. சும்மா கொடுத்திருந்தால் நன்கொடை. திருப்பிக் கொடுக்க வேண்டியதாக இருந்தால் கடன். நான்காவது சொல் கிடையாது. டாக்டரின் சாமான்கள் எல்லாவற்றுக்கும் நன்கொடை, நன்கொடை என்று எழுதி எனக்குக் கை வலித்தது.

விழிதியூரிலிருந்து ஒரு விவசாயி பழைய ரக நெற்கதிர்க் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் நன்கொடை. அடுத்த மழையில் வயல் மூழ்கி விதைநெல் அழுகிப்போய், அதே மனிதர் ஒரு பிடி நெல் திருப்பிக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். பேராசிரியர் தானே சீசாவைத் திறந்து பாதியைக் கொடுத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. நெல் அவருக்குப் புரிந்தது.

நம் தெருவுக்குப் பட்டினச்சேரியிலிருந்து கூடை மீன் கொண்டுவந்த அக்காவை நினைவிருக்கிறதா? மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டிருப்பார், நடந்தால் கூடை அசையாது, கழுத்து மட்டும் அசையும். அதற்கு முந்தின வருஷம் அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் மூன்று ராத்திரி திரும்பவில்லை. ஆள் கரைக்கு வந்து சேர்ந்தால், வலையில் படுகிற முதல் வேளாவின் கொம்பை அம்மனுக்குச் சாத்துவதாக அக்கா நேர்ந்துகொண்டார். நான்காம் நாள் ஆள் வந்து சேர்ந்தார். வேளா என்றால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது; சுறா மாதிரி உடம்பு, முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் கொம்பு என்பார்கள். கடற்கரைக் கோயில்களில் அதைக் காணிக்கையாகச் சாத்துவது வழக்கம்.

அந்தக் கோடையில் வேளா வலையில் பட்டது. கொம்பு அக்காவின் தோள் உயரம் இருந்தது. ஆனால் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சந்நிதியை மூடியிருந்தார்கள், ஆடியில்தான் திறப்பார்கள். சாமிக்கு நேர்ந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குள் வேறு எங்கே வைத்தாலும் வியாபாரி வந்து வீட்டுக்காரரை மயக்கிவிடுவான் என்று அக்காவுக்குப் பயம். எங்கள் வீட்டு வாசலில் அம்மாவுக்கு மத்தி எண்ணிப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். அப்பாதான், எங்கள் காலேஜில் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது என்று சொன்னார்.

மறுநாள் கொம்பு வந்தது. அன்றைக்குப் பேராசிரியர் சாப்பிடப் போகாமல் காத்திருந்தார், நான் ஏதோ அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள் மாதிரி மூலையில் நின்றேன். உப்பும் கொஞ்சம் கவிச்சியுமாக அது மேஜை முழுவதும் நீண்டு கிடந்தது. இடது பக்கம் மூன்றாவது பல் முறிந்திருந்தது. பேராசிரியர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, என்ன விலை சொல்கிறாய் என்று கேட்டார். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"வெலைக்கு இல்ல சார் இது. நேர்த்திக்கடன். கோயிலு தொறக்குற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

பேராசிரியர் பாதி அளவில் இருந்தார். விலைக்கு இல்லை என்பது காதில் விழுந்தது. மீதி அளவோடு போய்விட்டது. அவர் அறிந்த உலகத்தில் விலைக்கு இல்லாத பொருள் நன்கொடைதான். ரொம்ப சந்தோஷம் அம்மா, உன் பெயர் காலேஜில் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சாயங்காலமே சீட்டைத் தட்டச்சு அடித்து ஒட்டினார். 'வேளா மீனின் கொம்பு. பட்டினச்சேரி மீனவர் நன்கொடை.' அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் பெயரும் அதில் இல்லை.

மறுநாள் மதியம் நான் பதிவேட்டில் ஏற்றினேன். அப்பா பெட்டிக்குத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நான் அவரைக் கேட்கவில்லை. அக்கா சொன்னதுதான் காதில் இருந்ததே. நேர்த்திக்கடன் என்று முழுசாக எழுத விதி இல்லை, கட்டமும் குறுகல். மூன்று சொற்களில் ஒன்று கடன். நேர்த்திக்கடனும் ஒரு கடன்தானே? கடன் என்று எழுதி, அழகாக ஒரு புள்ளி வைத்தேன். புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைப்பு வேறு.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. அந்த நாளில் மட்டும் ஊருக்கு வருகிற ஜனத்துக்கு மியூசியத்தைத் திறந்துவிடுவது கல்லூரியின் வழக்கம். சாமி ஊர்வலத்தில் மாடியிலிருந்து இறைத்த மாம்பழத்தைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரமே வந்து நின்றது. எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கழற்ற வேண்டியதில்லை என்று பேராசிரியர் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. மரநாயைப் பார்த்துச் சிரித்தார்கள், கன்றுக்குட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள், கொம்புக்கு முன்னால் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் பெட்டிக்கடியில் ஏழெட்டு மாம்பழம் கிடந்தது. விஞ்ஞானக் கூடத்தில் இது என்ன அநாகரிகம் என்று பேராசிரியர் வருத்தப்பட்டார். எனக்கு இப்போது தோன்றுகிறது, அந்த அறை ஊருக்குச் சொந்தமாக இருந்தது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். பழங்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார், நான் தின்றேன்.

ஆடியில் கோயில் திறந்தது. அக்கா தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, புதுச் சேலையில் வந்தார். கூட இரண்டு பெண்கள், கொம்பைத் தூக்கிப் போக. அன்று பள்ளி விடுமுறை. அப்பா ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார், நான் அறையில் இருந்தேன். பேராசிரியருக்கு முதலில் விஷயமே விளங்கவில்லை. விளங்கியதும் பொறுமையாகத்தான் சொன்னார். கொடுத்தது கொடுத்ததுதான், நன்கொடை என்று பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி அது அரசாங்கச் சொத்து, தானே நினைத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியாது என்றார்.

"குடுக்கல சார். வச்சிட்டுப் போனேன்," என்றார் அக்கா.

பேராசிரியர் பதிவேட்டைத் திறக்கவில்லை. தானே சொல்லி எழுதவைத்ததை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்? பதிவேடு என் முழங்கைக்குப் பக்கத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. பேராசிரியர் நன்கொடை என்கிறார், நான் கடன் என்று எழுதியிருக்கிறேன். அப்படியானால் நான் தப்பாக எழுதியிருக்கிறேன், தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போகும். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. நான் எழுதியதுதான் சரி என்று தோன்றவே இல்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வந்த பெண்களோடு வெறுங்கையாகப் போனார். பூசிய மஞ்சள் வேர்வையில் கழுத்தில் வழிந்ததை இப்போதும் பார்க்கிறேன். எனக்கு என் மேல் வெறுப்பு வந்த முதல் நாள் அதுதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். மதியம் ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தார். ஞாயிறும் அதுவுமாகக் கறி எடுக்காமல் கருவாடு வாங்கி வருகிற மனிதரை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று அம்மா கேட்டாள். அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் அக்கா நம் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வாசலில் குரல் கேட்டதும் நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம், பாப்பா எங்கே என்று கேட்பார். என்னைப் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகித் திருச்சிக்குப் போகும் வரை ஒளிந்தேன். உங்களில் ஒருத்தி அந்தக் காலத்தில் என்னை மீன் பிடிக்காதவள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாய், இப்போது திருத்திக்கொள்.

இனி இந்த வருஷத்துக் கதை. பல்கலைக்கழகத்தில் பெரிதாக அருங்காட்சியகம் கட்டுகிறார்கள். கல்லூரிகளில் தூசி படிந்து கிடப்பவற்றையெல்லாம் அங்கே கொண்டுபோவதாக ஏற்பாடு. நம் கல்லூரியில் எஞ்சியிருப்பதே கொஞ்சம். அதிலும் அந்தக் கொம்பைத்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள். இப்போது மியூசியத்துக்குப் பொறுப்பாக இருப்பது ஒரு பேராசிரியை, என் மகள் வயது. அவர் பழைய பதிவேட்டைத் திறந்து, சீட்டில் நன்கொடை என்றும் ஏட்டில் கடன் என்றும் இருப்பதைப் பார்த்துவிட்டார். கடன் என்றால் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் ஊரை விட்டு எடுத்துப் போக முடியாது. கொடுத்தவர் யார்? பழைய அட்டெண்டர் வீடு தலத்தெருவில் இருந்தது என்று யாரோ சொல்ல, திருச்சியிலிருந்து திரும்பி வந்து அதே வீட்டில் குடியிருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தார். பதிவேட்டின் படத்தைச் செல்போனில் காட்டினார். இந்தக் கையெழுத்து யாருடையது தெரியுமா அம்மா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

இரண்டு பேரும் பட்டினச்சேரி போனோம். அக்கா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், படுக்கையில்தான், கடலில் இல்லை. அக்கா சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் மகளோடு இருக்கிறார். மூக்குத்தி இப்போது ஒன்றுதான். பேராசிரியை விவரமெல்லாம் சொன்னார். அந்த மீன் நம் கடலில் அநேகமாக இல்லை என்றே ஆகிவிட்டது, அதன் கொம்பை வீட்டிலோ கோயிலிலோ வைத்துக்கொள்ள இப்போது சட்டம் இடம் கொடுக்காது, அதனால் கையில் கொடுக்க முடியாது; ஆனால் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் இருந்திருந்தால், சுனாமி அன்றைக்கே கடல் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கும், காலேஜிலேயே இருக்கட்டும், வேறு ஊருக்கு வேண்டாம் என்றார்.

பேராசிரியை போன் பேச வெளியே போன நேரத்தில் நான் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் இருந்தது, வெளியே வந்தபோது இரண்டே வரிதான்.

"அக்கா, புக்குல கடன்னு எழுதுனது நான்தான். அவரு நன்கொடைன்னு சொன்னப்ப பக்கத்துலதான் நின்னேன், வாயத் தொறக்கல."

"தெரியும் பாப்பா. அந்த ஞாயித்துக்கெழமையே முசே வந்து சொல்லிட்டாரு."

அக்கா வெறுங்கையாகப் போன அன்று சாயங்காலம், பேராசிரியரிடம் வாதாட ஏதாவது கிடைக்குமா என்று அப்பா பதிவேட்டை எடுத்திருக்கிறார். என் எழுத்தைப் பார்த்திருக்கிறார். காட்டினால் கொம்பு கிடைக்கும், எழுதியது யார் என்ற கேள்வியும் வரும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, நீ சொன்னால் காட்டிவிடுகிறேன் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றது அக்காதான்.

"சாமிக்கு என்ன அவசரம், அது எங்க போயிரப் போவுது? ஒங்க ஊட்டுல அடுப்பெரியணும்ல." பிறகு என் கையைப் பிடித்து, "நீ எதுக்கு பாப்பா என்னக் கண்டா ஒளிஞ்ச? ஒரு தடவ வெளிய வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்," என்றார்.

நான் அழுதேன். இந்த வயதில் அழுதால் மூக்குத்தான் முதலில் ஒழுகுகிறது. அக்கா தன் முந்தானையைக் கொடுத்தார்.

கொம்பு அங்கேயே தங்கிப்போன நாள் முதல் ஒவ்வொரு மாங்கனிக்கும் அக்கா மியூசியத்துக்கு வந்து, பெட்டிக்கு முன்னால் ஒரு பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா இருந்தவரை அவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பிறகு வந்தவர்கள் திருவிழாவுக்குத் திறக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு உள்ளே விடவில்லை, வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மனுக்கு நேர்ந்ததற்கு மாம்பழம் ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு ஊருக்கு வந்தால் கையில் ஒரு பழம் இருக்கும், அதுதான் என்றார்.

போன வாரம் மாங்கனி அன்று அக்காவை ஆட்டோவில் கூட்டி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். பேராசிரியை தடுக்கவில்லை, தானும் கழற்றினார். பெட்டியைத் திறந்துவிட்டதும் அக்கா விரலால் பல்லைத் தடவிக்கொண்டே போய், மூன்றாவது இடத்தில் நிறுத்தி, முறிந்ததைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பேராசிரியை பதிவேட்டை விரித்தார். பழைய எழுத்தை அடிக்கக் கூடாது, மேலே சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்றார். பேனாவை என்னிடமே கொடுத்தார்.

கட்டம் அன்றைக்குப் போலவே குறுகல். 'கடன்' என்பதற்கு மேலே, இருக்கிற இடத்துக்குள் 'நேர்த்திக்' என்று எழுதினேன். எழுத்துகள் கோணின. கடைசி எழுத்தின் புள்ளி பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அக்கா ஏட்டின் மேல் குனிந்து, எது சின்னப் பிள்ளையில் எழுதியது, எது இப்போது எழுதியது என்று கேட்டார். இரண்டையும் தொட்டுக் காட்டினேன்.

"முன்ன எழுதுனதுதான் நல்லாருக்கு," என்றார்.

பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறும்போது, சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு போ பாப்பா, முசே அப்படித்தான் செய்வார் என்று சொன்னார். நம் வகுப்புத் தலைவர் படம் எடுத்தது அதற்கு நடுவில். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அவருக்கு மாம்பழம் கிடைத்திருக்காது. சர்க்கரை இருந்தும் முழுசாகத் தின்றேன்.